லிஸ்பனில் சாளை

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். ஜூன் மாதம் நானும் மனைவியும் லிஸ்பனில் வேலை பார்க்கும் மகளிடம் போகிறோம். பத்து நாள். மகளுக்குப் பகலெல்லாம் அலுவலகம், நாங்கள் இரண்டு பேரும்தான் சுற்ற வேண்டும். எந்தக் காணொளியைத் திறந்தாலும் அதே மஞ்சள் டிராம், அதே கோபுரம், அதே முட்டைப் பலகாரம். ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையையும், கூட்டம் மொய்க்காத இடத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் இரண்டு முறை அங்கே போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். மனைவிக்கு வேறொரு கவலை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இல்லாமல் பத்து நாள் எப்படி என்கிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாப் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலை சூரியன், படகில் ஏறிப் பாறை, வள்ளுவர் சிலை, இப்போது கண்ணாடிப் பாலம், வாசலில் ஆள் நின்று கூவி அழைக்கிற ஓட்டலில் சாப்பாடு, மதியம் வண்டி கிளம்பிவிடும். மாத்தூர் தொட்டிப்பாலமோ சிதறால் மலையோ எங்கும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. நாகர்கோவிலில் ரசவடைக்குப் பேர்போன டீக்கடையும் நடுத்தெருவில்தான் இருக்கிறது. வந்தவர் கையிலிருந்த பட்டியலில் அவை இல்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை லிஸ்பனில் நானும் அந்தப் பேருந்துக்காரனாகத்தான் இருந்தேன். 28-ஆம் எண் டிராமுக்காக மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். ஏறிய பிறகு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. இறங்கி, பசியில், ஆறு மொழியில் படத்தோடு பலகை வைத்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்தேன். கேட்காமலே ரொட்டி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. விருந்தோம்பல் என்று நினைத்துத் தின்றேன். பில்லில் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள். அதை அங்கே கூவெர் என்பார்கள். தொடாவிட்டால் காசு வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம், தின்றவனுக்கு அது உதவாது. நீங்கள் சிரித்துக்கொண்டே தட்டை ஓரமாக நகர்த்திவைத்துவிடுங்கள்.

மறுநாள் மதியம் பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு, உடம்பெல்லாம் சுண்ணாம்போடு நான்கு பெயின்டர்கள் ஒரு சந்துக்குள் திரும்புவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். எட்டு மேசை, தொலைக்காட்சியில் செய்தி, மேசையில் விரித்த காகிதம். தாஸ்கா என்று சொல்கிற சாதாரணச் சாப்பாட்டுக்கடை. சுட்ட மீன் வந்தது, கரப்பாவ், நம் ஊர்ப் பாரைக்குச் சொந்தக்காரன். சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்து அந்த மேசைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்த மாதிரிக் கடையை போனிலேயே தேடலாம், ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தேடாதீர்கள். மகளிடம் சொல்லி 'தாஸ்கா', 'பிராத்து து தீயா' என்று போர்த்துகீசிய எழுத்தில் அடித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு 'இன்றைய சாப்பாடு' என்று பொருள். பிறகு மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். வார நாளில் மதியம் மும்முரம், ஞாயிறு பூட்டு என்றால் அது பக்கத்து அலுவலகத்துக்காரர்களை நம்பி நடக்கிற கடை. நம் ஊரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மதியம் மட்டும் ஊண் போடுகிற கடை மாதிரி. ஒரு ஆளுக்கு 'மெய்யா டோஸ்', அரைப் பங்கு, தாராளம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன்னால் போனால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இடத்தைத் தேடுவதைவிட ஒரு பொருளைத் தேடுவது நல்லது. உங்களுக்குப் பொருள் கையிலேயே இருக்கிறது: சாளை, மத்தி மீன். ஜூனில் லிஸ்பன் முழுக்க அதுதான். நம் குருசடிகளில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறாரே அந்தோணியார், அவர் இத்தாலியின் பதுவைக்காரர் அல்ல, பிறந்தது லிஸ்பனில், 1195 வாக்கில். பெரிய பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அவர் பிறந்த இடத்தில் ஒரு சிறிய கோயில் உண்டு. ஜூன் 12 ராத்திரி அவருக்குத் திருவிழா. சந்துகளில் வீட்டு வாசலில் கரி அடுப்பு வைத்து, கல்லுப்பு மட்டும் தூவிச் சாளையைச் சுட்டு, ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். கையால்தான் தின்ன வேண்டும். மசாலா கிடையாது, அது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆல்ஃபாமா என்ற பழைய பகுதியில் அன்றைக்கு நகர முடியாது. ஆனால் தெருக்களில் இந்த அடுப்பு ஜூன் மாதம் முழுக்க அங்கங்கே எரியும், இரண்டு நாள் தள்ளிப் போனால் உட்கார்ந்து தின்னலாம். 13-ஆம் தேதி நகரத்துக்கே விடுமுறை, அன்று கடைகளை நம்ப வேண்டாம்.

மீனைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலையில் அல்வலாடே சந்தைக்குப் போங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் மீன்வாங்கிய பழக்கத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், அங்கே கை வைத்தால் முறைப்பார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் கடற்கரையில் வள்ளம் இறங்காதே, அதே கதைதான், மறுநாள் மீன்தட்டு வெறிச்சோடியிருக்கும். பக்கல்யாவ் என்று பலகை பலகையாக அடுக்கியிருப்பது கருவாடு. கடலை வாசலில் வைத்துக்கொண்டு நார்வே வரையில் போய்க் கருவாடு வாங்கித் தின்கிற ஜனம் அது.

கூட்டமில்லாத பொழுதுபோக்கு என்று கேட்டால் நான் படகைத்தான் சொல்வேன். கைஸ் து சோத்ரேயிலிருந்து காசீல்யாஷ் கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற படகு, பத்து நிமிஷம். மெட்ரோ அட்டையில் பணம் போட்டுவைத்தால் அதுவே செல்லும். லிஸ்பனை முழுசாகப் பார்க்க அந்த மறுகரைதான் சரி. 1541-இல் கோட்டாறு சவேரியார் கப்பலேறியது இதே தேஜோ ஆற்றிலிருந்துதான் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, பக்கத்தில் நின்றவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். செவ்வாயும் சனியும் சாந்தா கிளாரா மைதானத்தில் பழைய சாமான் சந்தை கூடும், அதையும் பாருங்கள். டிராமை விட்டுவிடலாம்.

டீக்கடை மாதிரியான எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஷமூஸா' இருக்கும். நம் சமோசாதான், கோவா வழியாகப் போய்ச் சேர்ந்தது. சாவி, மேசை, ஜன்னல், கோப்பை எல்லாம் அங்கிருந்து இங்கே வந்த சொற்கள் என்பதால் பலகைகளில் பாதியை ஊகித்தே படித்துவிடுவீர்கள். பதிலுக்குக் கறி என்ற நம் சொல் அங்கே 'கரில்' ஆகியிருக்கிறது.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், கிழங்கு கிடைக்கும். பிரேசிலிலிருந்து மரச்சீனியை உலகமெல்லாம் கொண்டுபோனதே போர்த்துகீசியர்தான், ஆனால் லிஸ்பன்காரர் சாளைக்கு உருளைக்கிழங்கு வைத்துத்தான் தின்பார்கள். மார்ட்டிம் மொனிஸ் பக்கத்தில் ஆப்பிரிக்கக் கடைகளில் 'மண்டியோக்கா' என்று கேட்டால் மெழுகு பூசிய கிழங்கை எடுத்துத் தருவார்கள். சாளையை அல்வலாடேயில் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காயும் அங்கே உண்டு. வத்தல் பொடியும் புளியும் மட்டும் இங்கிருந்து போனால் போதும். மகள் வீட்டு அடுக்களையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.