கொண்டைக்கடலை ஆண்பால், மைசூர் பருப்பு பெண்பால்

தம்பி, மாட்ரிட்டில் வீடு பிடித்துச் சமைக்கவும் ஆரம்பித்துவிட்டேன், ஆனால் ஸ்பானிஷில் எந்தச் சாமான் ஆண்பால், எது பெண்பால் என்று மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது, மாற்றிச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். சிரிக்க மாட்டார். கேட்ட சாமான் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

நமக்கு அரிசியும் உப்பும் அஃறிணை, அதோடு சரி. இங்கே அரிசி 'எல் அர்ரோஸ்', ஆண்பால். உப்பு 'லா சால்', பெண்பால். முன்னால் வருகிற 'எல்' ஆண்பாலுக்கு, 'லா' பெண்பாலுக்கு. ஏன் என்று ஆராயப் போனால் சோறு வேகாது. ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால்: 'எல் ஆஹோ' பூண்டு, 'லா செபோயா' வெங்காயம். இதிலேயே பாதி அடங்கிவிடும். பால் 'லா லெச்சே', எண்ணெய் 'எல் அசெய்த்தே' மாதிரி பிடிகொடுக்காதவற்றை எல், லா சேர்த்தே வாயில் பழக்குங்கள். தண்ணீர்தான் வம்பு. அழுத்தமான ஆவில் தொடங்குவதால் ஒருமையில் 'எல் ஆகுவா' என்பார்கள், ஆனால் அது பெண்பால்தான்; குளிர்ந்த தண்ணீர் 'எல் ஆகுவா ஃப்ரீயா'.

ஒரு ஜோடியில் மட்டும் கவனமாக இருங்கள். 'எல் பிமியெந்தோ' குடமிளகாய், 'லா பிமியெந்தா' மிளகு. ரசம் வைக்கிற வீட்டுக்கு இது முக்கியம். பழத்துக்கும் மரத்துக்கும்கூட இப்படி மாறும் (ஆரஞ்சுப் பழம் 'லா நரான்ஹா', மரம் 'எல் நரான்ஹோ'). நாம் மரமா வாங்கப் போகிறோம், விடுங்கள்.

சூப்பர்மார்க்கெட்டில் வாயைத் திறக்காமலே வாங்கிவிடலாம், அதனால் மொழி வராது. லவாப்பியெஸ் பக்கம் சான் ஃபெர்னாந்தோ சந்தை மாதிரி ஒன்றுக்குப் போங்கள். சந்தைக் கடைகளில் வரிசை கண்ணுக்குத் தெரியாது; 'கியேன் எஸ் எல் உல்திமோ?', கடைசி ஆள் யார் என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும். கோழி கேட்டால் 'லோ கியேரே எந்தேரோ?', முழுசாகவா என்பார். மெர்லூசா மீன் கேட்டால் 'லா கியேரே லிம்பியா?', சுத்தம் செய்து தரட்டுமா என்பார். லோ, லா இரண்டையும் காதில் வாங்கினால் போதும், கோழி ஆண்பால், மெர்லூசா பெண்பால் என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். 'குவார்த்தோ இ மித்தாத்' என்று யாராவது கேட்டால் குழம்பாதீர்கள், கால் கிலோவும் அதில் பாதியும், அதாவது 375 கிராம்.

அப்புறம், வீட்டில் சைவம் என்றீர்கள். நீங்கள் 'சோய் வெஹெதாரியானோ' என்று சொல்ல வேண்டும், உங்கள் மனைவி 'வெஹெதாரியானா'. ஹோட்டலில் 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சாலடில் சூரை மீனைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள், சிலருக்கு மீன் கார்னே கணக்கில் வராது. 'நி பெஸ்காதோ, நி ஹமோன்' என்று மீனையும் பன்றித்தொடையையும் பெயர் சொல்லியே விலக்குங்கள்.