கல்முனையில் கொலை, கல்லடிப் பாலத்தில் தீர்ப்பு

வாசகர் கேள்வி:

அக்கா, நான் கல்முனை. மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். லண்டனில் இருக்கும் தம்பி, புத்தகங்களைக் குரலில் கேட்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டுத் தந்தான். ஆங்கிலம் ஓரளவு விளங்கும். மர்மக் கதை கேட்டால் இறங்கும் இடம்கூடத் தெரியாமல் போகிறது, ஆனால் பாதியில் யார் யாரென்று குழம்பிவிடுகிறேன். வரலாறு, விஞ்ஞானம் என்று கேட்டால் மனதில் ஒன்றும் தங்குவதில்லை. அப்பா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். 'கேட்பதெல்லாம் வாசிப்பாகுமா, அது சோம்பேறித்தனம்' என்கிறார். எதைக் கேட்கலாம், எதை விடலாம்? எல்லாமே நல்லது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
– பெயர் வேண்டாம், கல்முனை

பதில்:

தங்கச்சி, எல்லாமே நல்லது என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஐந்து தொடங்கினால் மூன்றைப் பாதியில் விடுகிறவள் நான். விட்டதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. புளித்துப்போன தயிரைச் சட்டி வழித்து முடிக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

முதலில் உங்கள் குழப்பம். புத்தகம் கையில் இருந்தால், 'இந்த மேஜர் யார், எப்போது வந்தார்?' என்று நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்ப்போம். பழைய மர்மக் கதைகள் சிலவற்றில் கொலை நடந்த வீட்டின் வரைபடமே போட்டிருப்பார்கள். காதுக்கு அந்த வசதி கிடையாது. வழியில் களுதாவளையில் ஒரு புதுப் பெயர் சொல்லப்படும் நேரம் பார்த்து கொண்டக்டர் மிச்சக் காசு தர வந்தால், அந்தப் பெயர் போனது போனதுதான். இரண்டு நாள் கழித்து அந்த ஆள்தான் கொலைகாரன் என்று தெரியவரும்போது, 'இவன் எங்கிருந்து முளைத்தான்?' என்றிருக்கும்.

அதனால் பஸ்ஸுக்கு நாவலை எடுக்காதீர்கள், சிறுகதையை எடுங்கள். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளில் நாவல் நான்குதான், சிறுகதை 56. ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் முன்பின். உங்கள் பாதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கல்முனையில் நீங்கள் சீட் பிடிக்கும்போது யாரோ ஒருவர் பதறியடித்துக்கொண்டு ஹோம்ஸின் பேக்கர் தெரு வீட்டு மாடிப்படி ஏறி வருவார். களுவாஞ்சிக்குடி வரும்போது அவர் பிரச்சினை முழுவதும் தெரிந்துவிடும். ஆரையம்பதியில் ஹோம்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போயிருப்பார். கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது குட்டு உடைந்துவிடும். அநேகமாக எல்லாக் கதையையும் ஹோம்ஸின் நண்பர் வொட்சன் என்ற ஒரே ஆள் பக்கத்தில் இருந்து சொல்வதுபோலச் சொல்வார், அது காதுக்கு நல்ல சுகம்.

இந்தக் கதைகளை லிப்ரிவொக்ஸ் என்ற தளத்தில் காசில்லாமல் கேட்கலாம். 2005இல் தொடங்கியது, பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தொண்டர்கள் வாசித்துப் பதிந்து வைக்கிறார்கள். தொண்டு என்பதால் குறையும் உண்டு. சில புத்தகங்களில் அத்தியாயத்துக்கொருவர் வாசிப்பார்கள். முதல் அத்தியாயத்தை அருமையான ஒரு பாட்டி வாசித்திருப்பார், அடுத்ததை மூக்கடைத்த ஒரு பையன் வாசிப்பான். தம்பியின் ஆப்பில் ஸ்டீபன் ஃப்ரை வாசித்த முழுத் தொகுப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், சலிக்காது. எதுவானாலும் வீட்டு வைபையில் இறக்கிவைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள், பஸ்ஸில் டேட்டாவைக் கரைத்துவிட்டு ரீலோட் போட அலையவேண்டாம். லிப்ரிவொக்ஸின் வழக்கமான கோப்பு மணித்தியாலத்துக்கு 30 எம்.பி.கூட வராது.

இனி நான் சண்டைபிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். குரல்தான் பாதிப் புத்தகம். மர்மக் கதையில் முக்கால்வாசி என்றும் சொல்வேன். சில வாசிப்பாளர்களுக்கு நடிப்பு ஆசை அடங்காது. நல்லவருக்கு ஒரு குரல், சந்தேகப்படவேண்டியவருக்கு வழவழவென்று ஒரு குரல். அவர் முதன்முதல் 'குட் ஈவ்னிங்' சொல்லும்போதே நமக்கு விளங்கிவிடும், இவர்தான் நஞ்சு வைத்தவர் என்று. அகதா கிறிஸ்டி 250 பக்கம் பாடுபட்டு மறைத்ததை இவர்கள் ஒரு வரியில் போட்டு உடைத்துவிடுவார்கள்.

கிறிஸ்டியை ஹியூ ஃப்ரேஸர் வாசித்தால் எனக்குப் பிடிக்கும். டிவி தொடரில் கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸாக வந்தவர், ஆரவாரம் இல்லாத குரல். பொய்ரோவாகவே நடித்த டேவிட் சூஷேயும் சிலவற்றை வாசித்திருக்கிறார். பொய்ரோ பேசும்போது சொர்க்கம், மற்றவர்கள் பேசும்போது 'பொய்ரோ எப்போது வருவார்?' என்று காத்திருக்கவேண்டியிருக்கிறது. இது என் காதுக் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கொலையை மட்டும் நாவல் என்றாலும் பரவாயில்லை, காதால்தான் கேட்கவேண்டும். பெட்டியில் ஒரு டசின் பேருக்கு மேல், அதிலும் பல நாட்டவர். காகிதத்தில் எனக்கு ஆள் மாறாட்டமாகிப் போனது. உச்சரிப்பைக் கேட்டபோது எல்லாரும் தனித்தனியாக எழும்பி நின்றார்கள்.

என்னுடைய அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் ஒரு ஞாயிறு, வாவி இறால் ஒரு கிலோ உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் இறால் கோது, சாறு. போனைப் பலகைக்கட்டைக்குப் பக்கத்தில் அரிக்கன்சட்டியில் சாய்த்துவைத்து, பத்து மணித்தியாலக் கதை ஒன்றில் ஏழாவது மணித்தியாலம் கேட்கிறேன். ஒரு வசனம் சரியாகப் பிடிபடவில்லை. முப்பது செக்கன் பின்னால் போகலாம் என்று முழங்கையால் தட்டினேன். அது முன்னால் பாய்ந்து கடைசி அத்தியாயத்துக்குப் போய்விட்டது. நான் கை கழுவப் பைப்படிக்கு ஓடுகிற இடைவெளியில் அந்த வீட்டின் அருமையான டொக்டர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்! இறாலைக் கறியாக்கிச் சாப்பிடும்வரை எனக்கு யாரோடும் பேச்சில்லை.

மறுகா என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தைக் கேட்டேன். டொக்டர் வாய் திறக்கும்போதெல்லாம் வாசிப்பவரின் குரலில் ஒரு சின்னத் தயக்கம். முதலில் இருந்தே அது இருந்ததா என்று திரும்பத் தொடக்கத்துக்குப் போனேன். இருந்தது! நம்முடைய ஊரில் வடமோடிக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிதா? கர்ணன் சாவான் என்று களரியைச் சுற்றி இருக்கிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பாயை விரித்துக்கொண்டு இருந்தோமே, கூத்தை நடத்தும் அண்ணாவியார் அந்த இடத்தை எப்படிப் பாடப்போகிறார் என்று. முடிவு தெரிந்தபிறகும் இரண்டாம் முறை கேட்க முடிகிற மர்மக் கதைதான் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. மற்றவை பஸ் டிக்கெட் மாதிரி, இறங்கியதும் எறிந்துவிடலாம்.

சரி, அப்பாவின் வழக்கு. 'செல்வத்துட் செல்வம்' என்று தொடங்கி அவரை மடக்கலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ் வாத்தியாரிடம் கேள்வி அதிகாரத்தைக் கொண்டுபோனால், வள்ளுவர் சொன்னது சான்றோர் வாய்ச்சொல்லைக் கேட்பது, உன் கொலைக்கதையை அல்ல என்று திருப்பி அடிப்பார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகச் சேவை 1935இல் தொடங்கியது. முதலாம் உலகப் போரில் கண்ணை இழந்த போர்வீரர்களையும் மனதில் வைத்துத் தொடங்கியது அது. முதல் வெளிவந்த இசைத்தட்டுப் புத்தகங்களில் ஒன்று, அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை. அந்த மனிதர்களைப் பார்த்து 'நீங்கள் வாசிக்கவில்லை, சோம்பேறிகள்' என்று அப்பா சொல்லமாட்டார். அந்தக் கதையை நீங்களும் கேளுங்கள். ஒரு மனிதர் தன் குரலில் நமக்குச் சொல்வதாகவே அமைந்தது. அது ஏன் காதுக்குத்தான் பொருத்தம் என்று நான் விளக்கினால் உங்கள் அப்பாவுக்கு முன் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

ஆனால் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அது கதையல்லாத புத்தகங்களின் பக்கம். எல்லா அறிவையும் காதால் ஊற்றமுடியாது. நம்முடைய காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் வந்தது, பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் கணக்குப்போட்டு மீட்டெடுத்த நூல். சுருதிக் கணக்கும் பின்னங்களும் அட்டவணைகளுமாக இருக்கும். இசையைப் பற்றிய நூல்தான், ஆனாலும் அதை ஒருவர் குரலில் வாசித்துக் கேட்டால் குருக்கள்மடம் தாண்டுமுன் நீங்கள் நித்திரை. அது மேசையில் விரித்துவைத்து, பென்சிலோடு உட்காரவேண்டிய புத்தகம். உங்களுக்கு 'ஒன்றும் தங்குவதில்லை' என்பதற்குக் காரணம் உங்கள் மூளையில்லை. காகிதத்துக்கு எழுதிய புத்தகத்தைக் காதில் போட்டுக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

காதுக்கு ஏற்றது எது? வாழ்ந்தவரே தன் வாழ்க்கையைத் தன் குரலில் சொல்வது. தென்னாபிரிக்காவின் ட்ரெவர் நோவா தன் சிறுவயதைப் பற்றி எழுதியதை அவரே வாசித்திருக்கிறார். ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. கறுப்பின அம்மாவுக்கும் வெள்ளையின அப்பாவுக்கும் பிறந்ததே சட்டப்படி குற்றம் என்றிருந்த காலம். ஹோசா, சூலு என்று மொழி மாறிமாறிப் பேசித் தப்பியதை அவர் வாயால் கேட்கவேண்டும், புத்தகத்தில் அந்தச் சொற்களைக் கண்ணால் தாண்டிப் போய்விடுவோம். தமிழும் சிங்களமும் மாற்றிப் பேசிச் சோதனைச் சாவடி கடந்த நம்மவர்களுக்கு அந்த இடங்களில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். மிஷேல் ஒபாமாவும் தன் கதையைத் தானே வாசித்தார், கிராமி விருதும் கிடைத்தது. சிகாகோ வீட்டுக் கதை அருமை. வெள்ளை மாளிகைக்குள் போனபின் எனக்குக் கொஞ்சம் இழுத்தது.

உண்மைக் குற்றக் கதைகள் கேட்பதென்றால் ஒரு எச்சரிக்கை. 1959இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டதை ட்ரூமன் கப்போட்டி எழுதிய நூல் இந்த வகையின் மூத்த பிள்ளை. காதில் கேட்க அபாரம், இரவில் தனியாகக் கேட்காதீர்கள். ஆனால் அதன் கடைசிக் காட்சி அவர் கற்பனை செய்தது. குரலில் கேட்கும்போது உண்மையும் புனைவும் ஒரே தொனியில் வரும், அடிக்குறிப்பும் காதில் விழாது. 'இது யாருக்கு எப்படித் தெரியும்?' என்று மனதுக்குள் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பொன்னியின் செல்வனைப் பாம்பே கண்ணன் பல குரல்களோடு ஒலிவடிவமாக்கியிருக்கிறார். 1950இல் தொடங்கி வாரவாரம் கல்கியில் வந்த தொடர், அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில்தான் முடியும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைவிடப் பெரிய மர்மக் கதை நமக்கு ஏது? இலங்கை வானொலியில் நாடகமும் ஒலிச்சித்திரமும் கேட்டு வளர்ந்த எனக்கு அது சொந்த வீடு மாதிரி.

ஈழத்துக் கதைகளில்தான் எனக்கு மனக்குறை. நம்மவர் கதை ஒன்றைக் கடல் தாண்டிய ஒருவர் நல்ல குரலில் வாசித்ததைக் கேட்டேன். 'சொதி'யை அவர் 'சோதி' என்றே வாசித்தார். கதை முழுக்க எல்லாரும் இடியப்பத்துக்குச் சோதியை ஊற்றிச் சாப்பிட்டார்கள். அம்மா மகளை 'என்ன கா' என்று கூப்பிடுகிற இடத்தில், காகம் கரைகிற மாதிரி ஒரு 'கா' வந்தது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதனால் ஒரு யோசனை. உங்கள் வீட்டிலேயே ஒரு குரல் சும்மா இருக்கிறது. முப்பது வருடம் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கப் பாடம் சொன்ன குரல். அப்பாவுக்குப் பிடித்த சிறுகதை ஒன்றைக் கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மேசையில் வைத்துப் பதியுங்கள். பத்து நிமிடம் போதும். அடுத்த நாள் பஸ்ஸில் கேட்டுவிட்டு வந்து எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள். வாசிப்பு நன்றாக இல்லை என்றால் எனக்கு மட்டும் எழுதுங்கள்.