இடதுசாரி என்கிறீர்கள். குறையுள்ள ஓர் அதிபர் வேட்பாளரை ஏன் ஆதரித்தீர்கள்?

சென்னையில் இருப்பவனுக்கு எந்த அதிபர், எந்த ஓட்டு என்று தோன்றும். எங்கள் பூர்வீகம் புதுச்சேரி. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டார். அதனால்தான் திருவான்மியூரில் குடியிருக்கும் எனக்கு பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டு.

2022 ஏப்ரல் 10, முதல் சுற்று. அங்கே யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால், முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். இடதுசாரி வேட்பாளர் ழான்-லுக் மெலான்ஷோனுக்குப் போட்டேன். ஆளைப் பிடித்துப் போடவில்லை. 2018இல் கட்சி அலுவலகத்தைச் சோதனை போட வந்த போலீஸிடம் "குடியரசே நான்தான்" என்று கத்திய மனிதர் அவர். அதற்கு அடுத்த வருஷம் நீதிமன்றம் மூன்று மாதச் சிறை (நிறுத்திவைத்துத்தான்), 8,000 யூரோ அபராதம் என்று தீர்ப்புச் சொன்னது. உக்ரைனில் குண்டு விழும்வரை ரஷ்யா படையெடுக்கும் என்பதையே அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

ஆனால் என் சித்தப்பா பாரிஸுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறார். மெலான்ஷோன் 60 வயதில் ஓய்வூதியம் என்றார். அப்போது அதிபராக இருந்து மறுபடியும் போட்டியிட்ட மக்ரோன் 65 என்றார். நடுவில் இருக்கிற ஐந்து வருஷம் என்னவென்று சித்தப்பாவின் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

அந்தச் சித்தப்பாவிடம்தான் 2002இல் பாடம் படித்தேன். அன்றைய இடதுசாரிப் பிரதமர் ழோஸ்பன் பொதுத்துறைப் பங்குகளை விற்றார் என்ற கோபத்தில், பிரெஞ்சு கயானாவிலிருந்து வந்த இன்னொரு இடதுசாரி வேட்பாளர் கிறிஸ்தியான் தோபிராவுக்குப் போட்டார் சித்தப்பா. தோபிராவுக்கு விழுந்தது 6.6 லட்சம் ஓட்டு. ழோஸ்பன் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குப் போனார். இரண்டாம் இடத்தில் தீவிர வலதுசாரி அப்பா லெ பென். "இந்த நாட்டில் நம்ம நிறத்துக்கு எதிரா நிக்கிறவன் பைனலுக்கு வந்துட்டான்டா" என்று சித்தப்பா போனில் அழுதார். இரண்டே வாரத்தில் வலதுசாரி ஷிராக்குக்கு ஓட்டுப் போட அதே சித்தப்பா வரிசையில் நின்றார். ஷிராக் 82 சதவீதம் வாங்கினார்.

2022இலும் அதே கதை. மெலான்ஷோன் 4.2 லட்சம் ஓட்டில் இரண்டாம் சுற்றைத் தவறவிட்டார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ருசெல் தனியாக நின்று எட்டு லட்சம் வாங்கியிருந்தார். ருசெலுக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொய், சொல்வேன்.

இங்கே டீக்கடையில் ஒரு தோழர் அப்போது என்னைக் கிழித்தார், கொள்கையில்லாதவன் என்று. ஜூலையில் நம் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. அவர் கட்சி எம்.பி.க்கள் யஷ்வந்த் சின்ஹாவுக்குப் போட்டார்கள். வாஜ்பாய் ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர்! "அது வேற சூழ்நிலை தோழர்" என்றார். எல்லாமே வேற சூழ்நிலைதானே, தோழர்.

ஏப்ரல் 24, இரண்டாம் சுற்று. மக்ரோனா, மகள் லெ பென்னா என்றாகிவிட்டது. லெ பென்னுக்கு ஓர் ஓட்டுகூடப் போகக் கூடாது என்று மெலான்ஷோன் திரும்பத் திரும்பச் சொன்னார்; மக்ரோனுக்குப் போடுங்கள் என்று மட்டும் வாய் திறக்கவில்லை. பிரெஞ்சு முறையில் பட்டனும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் தனித்தாள். திரை மறைவில் ஒன்றை உறையில் போட்டு, உறையைக் கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். வெறும் உறையைப் போடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். அதைத் தனியாக எண்ணுவார்கள், சதவீதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மக்ரோன் தாளை மடித்து வைத்தேன். மற்றதைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

2023இல் ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64 ஆக்கினார்கள். கீழவையில் இறுதி வாக்கெடுப்பே நடத்தாமல். சித்தப்பா போன் செய்தார்.

"நீ போட்ட ஓட்டுடா இது."

"நீங்களும்தானே போட்டீங்க சித்தப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், முழங்காலுக்குத் தடவ கோட்டக்கல் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பச் சொன்னார்.