கல்சுவரில் கருவிப் பலகை: பாரம் தரைக்கு, பிடிப்பு சுவருக்கு

கேள்வி: நிலவறையின் பழைய கல்சுவரில் மரப்பலகை அடித்துக் கருவிகளை மாட்ட நினைக்கிறேன். ராவல் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) வைத்துப் போட்ட திருகுகள் இரண்டு முறை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. சுவரில் லேசான ஈரமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: திருகு கழன்றதற்குக் காரணம், அது கல்லில் இல்லாமல் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் கலவையில் இறங்கியிருப்பதுதான். பழைய கலவை விரலால் சுரண்டினாலே உதிரும். அதில் பிளக் விரிந்தால் பிடிப்பு வராது, துளைதான் பெரிதாகும். 18 மி.மீ. பிளைவுட் முழுத்தாள் ஒன்று மட்டுமே 30 கிலோவுக்கு மேல். கருவிகளும் சேர்ந்தால் அந்தப் பாரத்தைச் சுவரில் தொங்கவிடவே வேண்டாம். செங்குத்துச் சட்டங்களைத் தரையில் ஊன்றுங்கள். பாரம் தரைக்குப் போகட்டும். சட்டம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும் சுவரின் வேலை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் குறையும். உட்பக்கம் நனைந்தால் சுவர் வழியாகவே நீர் வருகிறது. அதன் வழியை வெளியே அடைக்காமல் உள்ளே பெயின்ட் பூசி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி கலவையை இன்னும் அரிக்கும்.

1.2 மீட்டர் அகலப் பலகைக்கு, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய 50 x 75 மி.மீ. சட்டங்கள் மூன்று, 60 செ.மீ. இடைவெளியில் போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று எனச் சுவரோடு பிணைக்கும் பிடிகள் மொத்தம் ஆறு. பெரிய கல்லின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பிலிருந்து 10 செ.மீ.க்குள் துளைத்தால் கல் தெறிக்கும். விரியும் ஆங்கர் போல்ட் போட்டால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் இங்கே கெமிக்கல் ஆங்கர்தான் சரி, அதாவது துளையில் பசையை நிரப்பிக் கம்பியை ஒட்டவைக்கும் முறை. 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பிக்கு (நீளம் முழுக்கத் திருகுமரை உள்ள கம்பி) 12 மி.மீ. துளை, 90 மி.மீ. ஆழம். டிரில் திடீரென்று உள்ளே வழுக்கினால் பின்னால் பொந்து இருக்கிறது. பசையைத் தாங்கி நிறுத்தும் சல்லடைக் குழாயைத் துளையில் செருகாவிட்டால் பசை முழுவதும் பொந்துக்குள் போய்விடும். அந்தக் குழாய்க்குத் துளையையும் அதன் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் துளையைச் சுத்தம் செய்வது. ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். இதை இரண்டு தடவை செய்யுங்கள். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. கல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். குளிர்ந்த நிலவறையில் பசை இறுக நேரம் கூடும், பசைக் குழாயின் மேல் அச்சிட்ட நேரத்தைப் பாருங்கள்.

கல்லில் துளை நினைத்த இடத்தில் அமையாது, சற்று விலகும். அதனால் சட்டத்தை முன்கூட்டியே துளைக்காமல், கம்பிகள் இறுகிய பிறகு அவற்றின் முனையில் வைத்து அடையாளமிட்டுத் துளையுங்கள். சட்டத்துக்குப் பின்னால் ஒரு நட்டும் வாஷரும், முன்னால் ஒரு நட்டும் வாஷரும். சுவர் எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் பின்நட்டைத் திருகித் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்தலாம். மர ஆப்பே தேவையில்லை. அதிகம் துருத்தும் கல்லிலிருந்தும் 25 மி.மீ. விலகி நிற்கட்டும். முன்நட்டு பதிய சட்டத்தில் குழி எடுத்தால் பலகை மட்டமாக உட்காரும்.

சட்டத்தின் அடிமுனைதான் முதலில் மக்கும், ஏனென்றால் வெட்டுமுகம் நீரை உறிஞ்சும். அங்கே இரண்டு கை பெயின்ட் அடித்து, கீழே 10 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். பலகைக்குக் கீழே 15 செ.மீ., மேலே 5 செ.மீ. திறந்து விட்டால் பின்னால் காற்று ஏறி இறங்கும். உளி, ரம்பம் போன்றவற்றுக்கு எண்ணெய் தடவியே மாட்டுங்கள். சுவர் காய்ந்திருந்தாலும் மழைமாதத்தில் துருப்பிடிக்கும்.