காபிச் சக்கையும் முட்டையோடும்: பிசினில் சேரும் முன்

கேள்வி: பயன்படுத்திய காபிச் சக்கையை எப்பாக்சியில் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேர்த்தால் கெட்டியாகும் பிசின்) கலந்து தகடு வார்த்தேன். உள்ளே பஞ்சு போலத் துளைகள், வளைத்தால் உதிர்கிறது. சக்கையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத்தான் போட்டேன். எங்கே தப்பு?

பதில்: அந்த வெயிலில்தான். காய்ந்த சக்கை கைக்கு மொரமொரப்பாக இருக்கும், துகளுக்குள்ளே ஈரம் தங்கியிருக்கும். எப்பாக்சி இறுகும்போது தானே சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஈரமும் காற்றும் கொப்பளித்துக் கிளம்புகின்றன. சக்கையை ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். மணிக்கொரு முறை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக வந்தால்தான் அது உலர்ந்த சக்கை. ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

உதிர்வதற்குக் காரணம் வேறு. உலர்ந்த சக்கையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் எண்ணெய் உண்டு. எண்ணெய் படிந்த துகளைப் பிசின் பிடிக்காது. உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். துகள் கழன்று வந்த இடம் வழவழப்பான குழியாக இருந்தால் ஒட்டவே இல்லை. துகளே பிளந்திருந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது. 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, காரம் போகும்வரை அலசி, அதன் பிறகு உலர்த்துங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். 150 மைக்ரான் சல்லடையில் சலித்து, மொத்த எடையில் 10 சதவீதம் சக்கை என்று தொடங்குங்கள். ஹார்டனர் அளவைப் பிசின் எடைக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். சக்கையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஹார்டனர் மிகுந்து தகடு சரியாக இறுகாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: முட்டையோட்டுப் பொடியை உருக்கிய பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் சேர்த்தால் கருகிய நாற்றம் வருகிறதே?

பதில்: உள்சவ்வு கருகுகிறது. ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். பாலிபுரொப்பிலீன் உருகும் சூட்டில் அதற்கு ஒன்றும் ஆகாது. சவ்வு புரதம், அது தாங்காது. ஓட்டைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, சவ்வை உரித்து, உலர்த்தி அரையுங்கள். வினிகரில் மட்டும் ஊறவைக்காதீர்கள், ஓடே கரையும். பொடியின் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஸ்டியரிக் அமிலம் (மெழுகு போன்ற கொழுப்பு அமிலம்) பூசினால் கட்டி தட்டாமல் பரவும். பொருள் விறைப்பாகும், கீழே விழுந்தால் தாங்கும் சக்தி குறையும். அடிபடும் பாகங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: இவை மண்ணில் மக்குமா?

பதில்: மக்காது. எப்பாக்சியும் பாலிபுரொப்பிலீனும் எதைக் கலந்தாலும் அப்படியேதான் கிடக்கும். இதில் மிச்சமாவது புதுப் பிசினின் அளவு.