ஒரே டிஸ்க் நான்காகத் தெரிந்தால்

கேள்வி: இரண்டு லினக்ஸ் சர்வர்களை ஒரே ஸ்டோரேஜில் இணைத்திருக்கிறோம். ஒதுக்கியது ஒரு லன் (ஸ்டோரேஜ் சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்க் பகுதி) தான், ஆனால் ஒவ்வொரு சர்வரிலும் எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை (sdb–sde) நான்கு டிஸ்க் தெரிகின்றன. மல்ட்டிபாத் (பல பாதைகளை ஒரே சாதனமாகக் காட்டும் மென்பொருள்) போட்ட பிறகும் பிவிஎஸ் கட்டளை கொடுத்தால் டூப்ளிகேட் பிவி (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை மென்பொருளான எல்விஎம் பயன்படுத்தும் டிஸ்க்தான் பிவி) என்று எச்சரிக்கை வருகிறது. வேலை ஓடுகிறது, அப்படியே விடலாமா? இரண்டு சர்வரிலும் அதே எல்வியை (எல்விஎம் பிரித்துத் தரும் பகுதி) மவுண்ட் செய்யலாமா?

பதில்: விடாதீர்கள். சர்வரில் இரண்டு போர்ட், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர் என்றால் ஒரே லன்னுக்குப் போக நான்கு பாதைகள், அதனால்தான் நான்கு டிஸ்க். மல்ட்டிபாத் அந்த நான்கையும் சேர்த்து எம்பாத்ஏ என்று ஒரு சாதனம் தருகிறது, ஆனால் எல்விஎம் டிஸ்க்கை அடையாளம் காண்பது அதன் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாளத்தை வைத்து, அது நான்கு டிஸ்க், எம்பாத்ஏ என ஐந்து இடத்திலும் ஒன்றாகவே இருப்பதால் எது அசல் என்று அதற்குக் குழப்பம்.

முதலில், எந்த டிஸ்க்கின் கீழ் எது இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்துப் பாருங்கள். எல்வி எம்பாத்ஏவுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. நேராக எஸ்டிசியின் கீழ் தொங்கினால் அந்த ஒரு பாதை அறுந்ததும் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் அப்ளிகேஷன் விழும், இத்தனை கேபிள் இழுத்ததற்குப் பலனே இல்லை. அப்படியிருந்தால் மவுண்டை எடுத்து, விஜியை (பிவிகளைச் சேர்த்த தொகுப்பு, எல்விகள் இதற்குள்தான்) நிறுத்தி, மல்ட்டிபாத்தை எழுப்பிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

நிரந்தரத் தீர்வு, எந்தச் சாதனத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்விஎம்முக்குச் சொல்லிவிடுவது. ரெட்ஹாட் 9 போன்ற புதிய பதிப்புகளில் இதற்கென்றே டிவைசஸ் ஃபைல் இருக்கிறது, எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் எம்பாத்ஏவைச் சேர்த்தால் போதும். பழையதில் எல்விஎம் கான்ஃப் ஃபைலில் குளோபல் ஃபில்டர், அதாவது எந்தச் சாதனத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற விதி, எழுத வேண்டும். இங்கே ரொம்பக் கவனம் தேவை: எம்பாத் தவிர எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, ரூட் இருக்கும் உள்ளூர் டிஸ்க்கை அனுமதிக்க மறந்தால் அடுத்த ரீபூட்டில் சர்வர் எழாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, நடு இரவில் ரெஸ்க்யூ மோடில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. இன்னொன்று, இந்த கான்ஃப் ஃபைலின் நகல் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்புக்குள்ளும் இருக்கிறது, அதனால் மாற்றியதும் அதை உருவாக்கும் டிராக்கட் கட்டளையை ஓட்டி அதையும் புதிதாக்குங்கள், இல்லையென்றால் பூட் ஆகும்போது பழைய விதியே வேலை செய்யும்.

சரி, இரண்டாவது கேள்வி. மல்ட்டிபாத் ஒரு சர்வருக்குள் இருக்கும் பாதைகளைத்தான் சேர்க்கும், இரண்டு சர்வருக்கு நடுவே அது எந்தக் காவலும் இல்லை. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம்கள் இரண்டுமே டிஸ்க் தனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நம்பி எழுதுபவை, இரண்டு பக்கமும் மவுண்ட் செய்தால் டேட்டா கெடுவது உறுதி, தயவுசெய்து சோதனைக்காகக்கூடச் செய்யாதீர்கள். மவுண்ட் செய்யாவிட்டாலும் சாதாரண விஜியில் ஒரு சர்வர் எல்வியைப் பெரிதாக்கினால், அதே எல்வியைத் திறந்து வைத்திருக்கும் மற்ற சர்வரின் கர்னல் பழைய அளவையே வைத்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு சர்வர் போதும், மற்றது மாற்றாள் என்றால் சர்வரின் அடையாளப் பெயரான சிஸ்டம் ஐடி வைத்து விஜியை ஒருவர் பேரில் எழுதி வையுங்கள், உங்களுக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒரே விஜியில் இரண்டு சர்வரும் ஆளுக்கொரு எல்வியைப் பயன்படுத்த வேண்டுமென்றால் சர்வர்களுக்கு நடுவே பூட்டுப் போடும் எல்விஎம்லாக்டி சேவை வேண்டும், அதற்குப் பின்னால் சான்லாக் அல்லது டிஎல்எம் என்ற பூட்டு மேலாளர். ஒரே எல்வியை ஒரே நேரத்தில் இரண்டிலும் மவுண்ட் செய்தே ஆகவேண்டும் என்றால் ஜிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்தான் வழி, அதைக் கட்டிக் காக்க ஆளும் வேண்டும்.

அப்புறம், நாளைக்கு லன்னைப் பெரிதாக்கினால் நான்கு பாதைகளையும் ரீஸ்கேன் செய்த பிறகுதான் மல்ட்டிபாத்தின் மேப்பை (அதாவது எம்பாத்ஏவை) ரீசைஸ் செய்யுங்கள், பிறகு பிவிரீசைஸ், கடைசியில் எல்விஎக்ஸ்டெண்ட். பிவிரீசைஸ் கொடுத்தும் அளவு மாறவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாதை ரீஸ்கேன் ஆகாமல் விட்டுப்போயிருக்கும்.