ரோமில் காசில்லாமல்

அன்புள்ள சார்,

மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். மே மாதம் நானும் கணவரும் போகிறோம், நடுவில் நான்கு நாள் ரோம். கொலோசியம், வாட்டிகன் மியூசியம் என்று மூன்று பேருக்கும் டிக்கெட் கணக்குப் போட்டதில் தலை சுற்றிவிட்டது. மகளிடம் கேட்கவும் மனசில்லை. இலவசமாகப் பார்க்கக்கூடியதை மட்டும் பார்த்தால் ரோமைப் பார்த்ததாக ஆகுமா? மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாம் ஃப்ரீ என்கிறார்களே, அதற்கேற்பத் தேதியை மாற்றலாமா? இன்னொன்று, எதைக் கேட்டாலும் சர்ச் என்கிறார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். ஜெபம் நடக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்க நுழைவது சரியா?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

தாராளமாக ஆகும். பல ஊர்களில் இலவசம் என்றால் டிக்கெட்டுக்கு லாயக்கில்லாமல் மிஞ்சியது. ரோமில் நிலைமை தலைகீழ். ஓவியர் கரவாஜ்ஜோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதாவின் மரணத்தை அவர் வரைந்து கொடுத்தபோது, இது மரியாதையாக இல்லை என்று ரோமில் அதற்குரிய சர்ச் வேண்டாமென்றுவிட்டது. அது இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது, காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். சர்ச்சுகள் ஏற்றுக்கொண்ட படங்களோ 400 வருடமாக அதே சுவரில் சும்மா தொங்குகின்றன. சான் லூயிஜி தெய் ஃபிரான்செசியில் மூன்று, சாந்தா மரியா தெல் போப்போலோவில் இரண்டு, சாந்த் அகஸ்தினோவில் ஒன்று.

போப்போலோவுக்கு அவசியம் போங்கள். பலிபீடத்துக்கு இடது பக்கம் ஒரு குறுகலான சிற்றாலயம். அதன் இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராகப் படங்கள். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று சாய்வாகத்தான் பார்க்க முடியும். கரவாஜ்ஜோவுக்கும் அது தெரியும். அந்தச் சாய்வுக்கென்றே வரைந்திருக்கிறார். வலது பக்கம் பவுல் குதிரையிலிருந்து விழுந்து கிடக்கிறார், படத்தின் பெரும்பகுதியைக் குதிரையே அடைத்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் பேதுருவைச் சிலுவையோடு தூக்குகிறார்கள். கீழே குனிந்து முட்டுக்கொடுக்கிறவனின் அழுக்குப் பாதம் நம் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு வேண்டுமென்றால் பெட்டியில் நாணயம் போட வேண்டும். கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் டக்கென்று அணைந்துவிடும். அடுத்த நாணயத்தை வேறு யாராவது போடட்டும் என்று எல்லோரும் இருட்டில் நல்ல பிள்ளையாக நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், யாராவது போடுவார்கள்.

சாந்த் இக்னாசியோ சர்ச்சில் அண்ணாந்து பாருங்கள், பெரிய குவிமாடம் தெரியும். குவிமாடமே கிடையாது. கட்டப் பணம் போதாததால் 1685இல் ஆந்திரேயா போஸ்ஸோ என்ற ஓவியர் துணியில் வரைந்து மேலே பொருத்தினார். தரையில் அதற்கென்று பதித்த வட்டக்கல்லில் நின்றால் நிஜம் போலிருக்கும், நகர நகரக் கோணிக்கொண்டு போகும். கூரை தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ள அங்கே ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதற்கு நீளமாக ஒரு வரிசை. கழுத்து இருக்கிறவர்களுக்கு வரிசை தேவையில்லை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஜெஸூ சர்ச். தூத்துக்குடிக்காரரான நீங்கள் இதை விடக் கூடாது. 1542இல் உங்கள் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். வலது முன்கை மட்டும் இங்கே. 1614இல் வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544இல் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் எழுதினாரே, அந்தக் கை. சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே இருக்கும்படி போங்கள். தினமும் அந்த நேரத்தில் இசையும் விளக்குமாக, இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸின் பீடத்தில் இருக்கும் பெரிய ஓவியம் கீழே இறங்க, பின்னாலிருந்து அவர் சிலை வெளிப்படும். டிக்கெட் இல்லை.

நுழைவது சரியா என்றால், சரிதான். கும்பிடுகிறவர், பார்க்கிறவர் இருவருக்குமாகத்தான் அவற்றை அப்படிக் கட்டினார்கள். பூசை நேரத்தில் சுற்றக் கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கும் சுடிதாருக்கும் பிரச்சினை இல்லை, கணவரை அரைக்கால் சட்டையில் கூட்டிப்போகாதீர்கள். பல சர்ச்சுகளை மதியம் சில மணி நேரம் சாத்திவிடுவார்கள், காலையையும் மாலையையும்தான் நம்ப வேண்டும். புனித பேதுரு பேராலயம் மதியமும் திறந்திருக்கும், காசும் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தையே சுற்றும். காலை 7 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள்.

முதல் ஞாயிற்றுக்காகத் தேதியை மாற்றாதீர்கள். கொலோசியம் உட்பட அரசு மியூசியங்கள் அன்று இலவசம் என்பது உண்மைதான். ஊரே அங்கே நிற்கும் என்பதும் உண்மை. வாட்டிகன் வேறு நாடு, அதன் இலவச நாள் கடைசி ஞாயிறு, அதுவும் மதியம் வரைதான். கூட்டத்தில் இடிபட்டு அங்கே சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியத்தைப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழைய தகவலை நம்பிப் பாந்தியோன் என்ற பழங்காலக் கோயிலுக்குச் சும்மா போய்விடாதீர்கள், 2023 ஜூலையிலிருந்து காசு வாங்குகிறார்கள். அது கொடுக்கலாம், தப்பில்லை. கொலோசியத்தை வெளியே சுற்றி வந்தாலே முக்கால்வாசி ஆயிற்று. பக்கத்து ஃபோரத்தை, அதாவது பழைய ரோமின் இடிந்த நகர மையத்தை, கேப்பிடலைன் குன்றில், நகர மாளிகைக்குப் பின்னால் போய் நின்றால் மேலிருந்தே முழுதாகப் பார்க்கலாம். மாலை வெயிலில் போங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவில் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1874இல் தொடங்கியது, இன்றும் ஓயாமல் ஓடுகிறது, குடிக்கலாம். வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிடும், குனியாமல் குடித்துக்கொள்ளலாம். முதல் தடவை சட்டை நனையும். கால் வலிக்கிறதென்று ஸ்பானியப் படிகளில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், 2019இலிருந்து அபராதம்.

பியாஸ்ஸா நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினியின் நான்கு நதி நீரூற்று இருக்கிறது, நதிக்கு ஒரு சிலை. கையில் துடுப்போடு இருப்பவர் கங்கை. ஆமாம், தாடி வைத்த ஆண். 1651இல் கங்கையை யாரும் பெண் என்று அவரிடம் சொல்லவில்லை போல.

ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால், கொலோசியமும் வேண்டாம், வாட்டிகனும் வேண்டாம், போர்கேஸே காலரி என்ற கலைக்கூடத்துக்கு வாங்குங்கள். அதே பெர்னினி செய்த சிலையில், கிரேக்கக் கதையில் மரமாக மாறுகிற தாஃப்னியின் விரல் நுனியிலிருந்து இலை முளைக்கிறது, அவ்வளவு மெல்லிய பளிங்கு. நேரம் ஒதுக்கி எண்ணி எண்ணித்தான் ஆள் விடுகிறார்கள், வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. மே மாதம் என்றால் இப்போதே மகளை பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்